9 அங்குலம் குறைந்த அறை: அளவுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: நாங்கள் புதிதாக ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தரைத்தளச் சுவர்கள் லின்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்திரத்தின் மட்டத்துக்கு, வந்துவிட்டன. அடுத்த வாரம் லின்டல் கான்கிரீட் போடப்போவதாகச் சொல்கிறார்கள். பிளானில் 12 அடி அகலம் என்று போட்டிருக்கும் படுக்கையறையை நேற்று நானே டேப் பிடித்து அளந்தேன். சுவருக்குச் சுவர் 11 அடி 3 அங்குலம்தான் வருகிறது. பிளானில் உள்ளபடிதான் கட்டினேன் என்கிறார் மேஸ்திரி. பிளான் போட்டுக் கொடுத்த பொறியாளரைக் கேட்டால், மார்க்கிங், அதாவது சுவர் வரும் இடங்களைத் தரையில் குறிப்பது, ஒப்பந்ததாரரின் வேலை, அவர்தான் சரிபார்த்திருக்க வேண்டும் என்கிறார். ஒப்பந்ததாரரோ, மார்க்கிங் அன்று நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள், நோட்டில் கையெழுத்தும் போட்டீர்கள், அப்போதே சொல்லியிருக்கலாமே என்று என்மேல் திருப்பிவிடுகிறார். அளவைச் சரிபார்க்க வேண்டியவர் யார்? இனி வரும் வேலைகளில் நான் எதையெதை அளந்து பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் ஒரு வேலை செய்யுங்கள். அந்த அறையைச் சுற்றியுள்ள சுவர்களுக்கு மட்டுமாவது லின்டல் கான்கிரீட்டை நிறுத்திவைக்கும்படி ஒப்பந்ததாரருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கைபேசிச் செய்தியாக இருந்தாலும் போதும், தேதியுடன் பதிவாகிவிடும். செங்கல் சுவராக நிற்கும்வரை பிரித்துக் கட்டுவது சில நாள் வேலை. அதன்மேல் லின்டலும், அதற்கும் மேலே தளமும் ஏறிவிட்டால், யார் பொறுப்பு என்று முடிவானாலும் திருத்த முடியாத நிலை வந்துவிடும். பிறகு பேச்சு முழுவதும் இழப்பீட்டைப் பற்றியதாகவே போய்விடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கட்டடத்தில் அளவு தவறும்போது, அந்தத் தவறு எவ்வளவு என்பதே அது எங்கே நடந்தது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். உங்கள் அறையில் குறைவது சரியாக 9 அங்குலம். அது ஒரு செங்கல் சுவரின் கனம். சுவரின் நடுக்கோட்டிலிருந்து அடுத்த சுவரின் நடுக்கோடு வரை 12 அடி வைத்து மார்க்கிங் செய்தால், இரு பக்கமும் பாதிச் சுவர், அதாவது நாலரை நாலரை அங்குலம் உள்ளே வந்து, நீங்கள் அளந்த 11 அடி 3 அங்குலம் அப்படியே கிடைக்கும். ஆகவே இங்கே கைப்பிசகோ, கொத்தனாரின் கவனக்குறைவோ காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உள் அளவு எது, மைய அளவு எது என்பதில் யாரோ ஒருவர் குழம்பியிருக்கிறார்.

வேறு தவறுகளுக்கும் இப்படி அடையாளம் உண்டு. சரியாக ஓர் அடி கூடியோ குறைந்தோ இருந்தால், முனை தேய்ந்த டேப்பை 1 அடிக் கோட்டில் பிடித்து அளந்துவிட்டு, அந்த ஓர் அடியைக் கழிக்க மறந்திருப்பார்கள். மில்லிமீட்டரில் போட்ட பிளானை அடிக்கணக்கில் கட்டும்போது 3000 மில்லிமீட்டரை 10 அடி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் 10 அடி 3048 மில்லிமீட்டர், ஆகவே அறைக்கு அறை ஏறத்தாழ 2 அங்குலம் கூடிக்கொண்டே போகும். ஓர் அங்குலம் மட்டும் குறைந்தால் அது பெரும்பாலும் பூச்சின் கனம். உங்கள் வீட்டில் இன்னும் பூச்சு நடக்கவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் பூச்சு ஏறினால் இப்போதுள்ள 11 அடி 3 அங்குலம் ஏறத்தாழ 11 அடி 2 அங்குலமாகும். இது யாருடைய தவறும் இல்லை, ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது.

அடுத்து, பிளானை விரித்து வைத்து அந்த அறையின் அளவுக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். கோட்டின் இரு முனைகளிலும் உள்ள அம்புக்குறி அல்லது சாய்கோடு சுவரின் உள்முகத்தைத் தொடுகிறதா, சுவரின் நடுவைத் தொடுகிறதா என்பதில்தான் உங்கள் வழக்கின் தீர்ப்பு இருக்கிறது. மையக்கோட்டுக்கு மையக்கோடு 12 அடி 9 அங்குலம் என்றும், அறையின் நடுவில் அதன் உள் அளவாக 12 அடி என்றும் போட்டிருந்தால் பிளான் சரி. மார்க்கிங் செய்தவர் அறைக்குள் எழுதியிருந்த எண்ணை மைய அளவாக எடுத்துக்கொண்டு கல் நட்டிருக்கிறார். இந்தத் தவறு முழுக்க ஒப்பந்ததாரருடையது. மேஸ்திரி அவருடைய ஆள் என்பதால், மேஸ்திரிமேல் பழிபோட்டு அவர் விலகிக்கொள்ள இடமில்லை.

மையக்கோட்டுக்கு மையக்கோடு 12 அடி என்றும், அறைக்குள் உள் அளவும் 12 அடி என்றும் இருந்தால் பிளானே தன்னோடு முரண்படுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. இங்கே மூலத் தவறு வரைந்தவருடையது. ஆனாலும் ஒப்பந்ததாரர் கையைக் கழுவிவிட முடியாது. மார்க்கிங் செய்பவர் இரண்டு எண்களையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் நூல் பிடிக்க வேண்டும். முரண்பாடு கண்ணில் பட்டதும் வேலையை நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும். பெரும்பாலான பிளான்களின் ஓரத்தில், அளவுகளைக் கட்டும் இடத்தில் சரிபார்த்து, வேறுபாடு இருந்தால் வேலை தொடங்கும்முன் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு குறிப்பு இருக்கும். உங்கள் பிளானிலும் அது இருந்தால் திருத்தச் செலவை இருவரும் பங்கிட்டுக்கொள்ளச் சொல்வது நியாயம் என்பது என் கருத்து.

மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் உண்டு. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. பிளான் முழுவதும் மையக்கோட்டு அளவுகளாகவே இருந்து, அப்படித்தான் என்று அதில் தெளிவாகவும் எழுதியிருந்தால், வீடு பிளான்படி சரியாகவே எழுந்திருக்கிறது. 12 அடியை நீங்கள் உள் அளவு என்று புரிந்துகொண்டதுதான் சிக்கல். அப்போதும் பொறியாளரிடம் ஒரு கேள்வியை நீங்கள் வைக்கலாம். வீட்டுக்காரர் கட்டடத் தொழில் தெரிந்தவர் இல்லை. கட்டில் போடவும் அலமாரி வைக்கவும் எவ்வளவு இடம் மிஞ்சும் என்றுதான் அவர் பிளானைப் பார்ப்பார். அப்படியிருக்க, உள் அளவைத் தனியாகக் காட்டியோ வாயால் விளக்கியோ சொல்லியிருக்க வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. சட்டப்படி இது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது உங்கள் ஒப்பந்தத்தின் சொற்களைப் பொறுத்தது. தொழில்முறைக் கடமை என்ற அளவில் எனக்கு இதில் ஐயமே இல்லை.

பொதுவான விதி என்னவென்று கேட்டால், பல நாடுகளில் பெரிய கட்டுமானப் பணிகளுக்குப் பயன்படும் ஃபிடிக் (ஆலோசனைப் பொறியாளர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) ஒப்பந்தப் படிவம் ஒன்றை எடுத்துக்காட்டலாம். அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் 4.7ஆம் பிரிவு மார்க்கிங் பற்றியது. கட்டடத்தின் ஒவ்வொரு பகுதியும் சரியான இடத்தில் அமைவதற்கு ஒப்பந்ததாரரே பொறுப்பு. இடத்திலோ மட்டத்திலோ அளவிலோ பிழை வந்தால் அவரே திருத்த வேண்டும். அவருக்குக் கொடுக்கப்பட்ட அடிப்படைப் புள்ளிகளிலும் மட்டங்களிலும் பிழை இருந்தால் அதற்குப் பொறுப்பு பணியைக் கொடுத்த தரப்புக்கு. ஆனால் அவற்றைப் பயன்படுத்தும்முன், தம்மால் நியாயமாக இயன்ற அளவுக்குச் சரிபார்த்துக்கொள்வதும் ஒப்பந்ததாரரின் கடமை. ஒரு வீட்டுக்கான இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இப்படியொரு பிரிவு இருக்காது என்றாலும், அதிலுள்ள நியாயம் சிறிய வேலைக்கும் பொருந்தும். எண்ணைக் கொடுத்தவர் எண்ணுக்குப் பொறுப்பு, அந்த எண்ணை மண்ணில் இறக்கியவர் இறக்கியதற்குப் பொறுப்பு.

அப்படியானால் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்ட நீங்கள்? அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இன்ன தேதியில் மார்க்கிங் முடிந்தது என்று மட்டும் இருந்தால், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்குத்தான் அது சான்று. அளவு சரியென்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. மார்க்கிங் அன்று தரையில் தெரிவது முளைக்குச்சியும் நூலும் சுண்ணாம்புக் கோடும்தான். அவற்றில் எது சுவரின் நடு, எது அதன் விளிம்பு, எது அஸ்திவாரக் குழியின் ஓரம் என்று தொழில் தெரியாத ஒருவரால் பிரித்தறிய முடியாது. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அறையறையாக அளவுகள் எழுதி, அவற்றைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்கிறேன் என்ற வாசகத்தின்கீழ் கையெழுத்து இருந்தால் மட்டும் உங்கள் நிலை சற்றுப் பலவீனமாகும். அப்போதும் தவறாகக் கட்டியவரின் பொறுப்பு முழுமையாக உங்களுக்கு மாறிவிடாது.

பொறுப்பைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 9 அங்குலம் எங்கே போயிற்று? வீட்டின் வெளி அளவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அளந்து பாருங்கள். வெளி அளவு பிளான்படியே இருந்து, பக்கத்து அறை 9 அங்குலம் கூடியிருந்தால், நடுச்சுவர் மட்டும் நகர்ந்திருக்கிறது. அப்போது அந்தச் சுவர் கீழேயுள்ள பிளின்த் பீமின்மேல் (தரைமட்டத்தில் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்திரம்) முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீம் ஓரிடத்திலும் சுவர் ஓரிடத்திலும் இருந்தால், சுவரின் ஒரு பகுதி தரை நிரப்பிய மண்ணின்மேல் நிற்கும். மண் அமிழும்போது சுவரில் விரிசல் விழும். ஒன்றும் ஆகாது சார் என்ற பதிலை இந்த இடத்தில் ஏற்காதீர்கள். கட்டமைப்புக் கணக்குப் போட்ட பொறியாளர் நேரில் வந்து பார்த்து, எழுதித் தர வேண்டும். வெளி அளவும் சேர்ந்தே 9 அங்குலம் குறைந்திருந்தால் தூண், பீம், சுவர் எல்லாம் ஒன்றாகவே நகர்ந்திருக்கின்றன என்று பொருள். கட்டமைப்பில் ஆபத்து குறைவு, ஆனால் வீடு சிறுத்துவிட்டது. பக்கத்து எல்லையிலிருந்து விட வேண்டிய இடம் சரியாக இருக்கிறதா என்பதையும் அப்போதே அளந்துவிடுங்கள். எல்லைக்கல்லைப் பொறுத்தவரை நில அளவையாளர் காட்டியதை மட்டும் நம்புங்கள். பக்கத்து வேலியையோ மதிலையோ எல்லையாக எடுத்துக்கொண்டு அளந்தால் பிறகு பெரிய வழக்காக முடியும்.

நடுச்சுவர் மட்டும் பீமைவிட்டு நகர்ந்திருந்தால் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். சுவர் பீமின்மேல்தான் நிற்கிறது, அறைதான் சிறிது என்றால், 11 அடி 2 அங்குலத்தில் உங்கள் கட்டிலும் அலமாரியும் நடைவழியும் அடங்குகின்றனவா என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, இருப்பதை ஏற்று உரிய தொகையைக் கழித்துக்கொள்வதா, இடிப்பதா என்று முடிவெடுங்கள். கோபத்தில் இடிக்கச் சொல்லிப் பிறகு வருந்தியவர்களும் உண்டு, சங்கடப்பட்டு விட்டுவிட்டு வருடக்கணக்கில் அந்த அறையை நொந்துகொண்டவர்களும் உண்டு.

இனி வரும் வேலைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கட்டியவரே சரிபார்த்தால், எந்தத் தவறான புரிதலோடு கட்டினாரோ அதே புரிதலோடுதான் அளப்பார். 12 அடியை மைய அளவு என்று நம்பியவர் மறுபடி அளந்தாலும் மையத்திலிருந்துதான் டேப்பைப் பிடிப்பார், சரியாகவே இருக்கிறது என்பார். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் வேறொருவர் அளக்க வேண்டும். அந்த வேறொருவர் பிளான் போட்ட பொறியாளராக இருப்பது நல்லது. மேற்பார்வைக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறாரா, பிளான் மட்டும்தான் அவர் வேலையா என்று இன்றே கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். பிளான் மட்டும் என்றால், சில முக்கியமான நாள்களுக்கு மட்டும் வந்து அளந்து எழுதித் தரத் தனிக் கட்டணம் பேசி ஒருவரை அமர்த்துங்கள். அந்தச் செலவை வீண் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

மேல்தளத்துக்கு மறுபடி மார்க்கிங் வரும். அன்று நீங்கள் செய்யக்கூடிய எளிய சோதனை மூலைவிட்டம். 30 அடிக்கு 40 அடி உள்ள செவ்வகத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 50 அடி இருக்க வேண்டும். 40 அடிப் பக்கம் 3 அங்குலம் மட்டும் சாய்ந்திருந்தால்கூட இரு மூலைவிட்டங்களுக்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை அங்குல வித்தியாசம் வரும், கண்ணுக்குத் தெரியாதது டேப்பில் தெரிந்துவிடும். மூலைவிட்டங்கள் சமமாக இருப்பது மட்டும் போதாது. எதிரெதிர்ப் பக்கங்களும் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் குறுகிய வடிவத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகவே வரும். அறை அறையாக அளந்து கூட்டாதீர்கள். ஒரே மூலையில் டேப்பின் முனையைப் பிடித்து, முழு நீளத்துக்கும் இழுத்து, ஒவ்வொரு சுவரும் எந்த எண்ணில் வருகிறது என்று வரிசையாகக் குறிக்கச் சொல்லுங்கள். தனித்தனியாக அளந்தால் அறைக்கு அரை அங்குலப் பிசகு ஐந்து அறைகளில் இரண்டரை அங்குலமாகிவிடும். டேப் எஃகு டேப்பாக இருக்கட்டும். வெயிலில் சூடேறினால் 30 மீட்டர் டேப்பே சில மில்லிமீட்டர் நீளும், ஆகவே அந்த அளவு வித்தியாசத்துக்காக யாரோடும் சண்டை போட வேண்டாம்.

மட்டம் பார்ப்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரசமட்டத்தை ஓரிடத்தில் வைத்துப் பார்த்தபின், அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் குமிழி ஒரே இடத்தில் நிற்காவிட்டால் கருவியே பிசகு. தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் மட்டத்தில் குழாய்க்குள் காற்றுக்குமிழி சிக்கியிருந்தால் அதன் எண்ணும் பொய்.

அதிகம் கவனிக்க வேண்டியது மாடிப்படி. வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அளக்காமல் விடுவதும், ஒவ்வொரு நாளும் காலில் இடறுவதும் இதுதான். படிகளின் உயரம் கான்கிரீட் போடும்போது சமமாக இருந்தால் மட்டும் போதாது, டைல்ஸ் போட்டு முடிந்த பிறகும் சமமாக இருக்க வேண்டும். கான்கிரீட்டில் எல்லாப் படியும் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியின்மேல் டைல்ஸும் கலவையுமாக 30 மில்லிமீட்டர் ஏறுகிறது. கீழ்த்தளத் தரையிலும் மேல்தளத் தரையிலும் 60 மில்லிமீட்டர் ஏறுகிறது. முடிவில் முதல் படி 120 மில்லிமீட்டராகக் குறையும், கடைசிப் படி 180 மில்லிமீட்டராக உயரும், நடுப் படிகள் 150லேயே நிற்கும். இருட்டில் ஏறி வரும் வயதானவரின் கால் கடைசிப் படியில் தட்டுவதற்கு இந்த 30 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும். இதைத் தவிர்க்க, தரைக்கு என்ன போடப்போகிறோம், படிக்கு என்ன போடப்போகிறோம், இரண்டின் கனமும் எவ்வளவு என்று படிக்குச் சென்டரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பு) அடிக்கும்முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அந்த முடிவு உங்களுடையது. அதைச் சொல்லாமல் தள்ளிப்போட்டால், இந்த ஓர் இடத்தில் பொறுப்பு உங்கள்மேல்தான் விழும்.

கதவு உயரமும் இதே கணக்குதான். இப்போது நிறுத்தி வைத்திருக்கும் லின்டலின் அடிமட்டம், முடிந்த தரையிலிருந்து கணக்கிட்டதா, கரடுமுரடான கான்கிரீட்டிலிருந்து கணக்கிட்டதா என்று கேளுங்கள். தூண்களில் முடிந்த தரைக்கு மேலே 1 மீட்டர் என்று ஒரு கோடு அடித்து வைத்து, எல்லா உயரங்களையும் அதிலிருந்தே அளக்கச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது.

ஜன்னல், சமையலறை மேடைக் கல், உள்ளே பொருத்தும் அலமாரி போன்றவற்றைப் பிளானைப் பார்த்து ஆர்டர் கொடுக்கவே வேண்டாம். செய்து தருபவர் நேரில் வந்து தம் கையாலேயே அளக்கட்டும். ஜன்னல் திறப்பின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து குறைந்ததை எடுத்துக்கொள்ளட்டும். அளவை நீங்கள் எழுதிக் கொடுத்தால் பொருந்தாத பொருள் உங்களுடையது, அவர் அளந்து போனால் அவருடையது.

பிளான் மாறினால் பழைய பிரதிகளைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது குறுக்கே ரத்து என்று பெரிதாக எழுதுங்கள். சிமென்ட் மூட்டைக்கு நடுவே மடித்து வைத்த பழைய பிரதியைப் பார்த்துக் கட்டிய சுவர்கள் ஏராளம். மேஸ்திரியிடம் வாய்மொழியாக இதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று நீங்களோ வீட்டிலுள்ள வேறு யாருமோ சொல்லவே கூடாது. அப்படிச் சொன்ன மறுநிமிடமே பொறுப்பு யாருடையது என்பது கலங்கிவிடும். மாற்றம் வேண்டுமானால் பொறியாளரிடம் சொல்லுங்கள், அவர் பிளானில் திருத்திக் கொடுக்கட்டும்.

நாளைக்கே ஒரு தனி நோட்டு வாங்கி, நீங்கள் கையெழுத்துப் போட்ட நோட்டுக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளுங்கள். பிளானின் எண்ணும் தேதியும், அளந்த இடம், பிளானில் உள்ள அளவு, அது உள் அளவா மைய அளவா, தளத்தில் வந்த அளவு, அளந்தவர் பெயர், கையெழுத்து ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் போடுங்கள். முதல் பக்கத்தில் அந்தப் படுக்கையறையை, ஒப்பந்ததாரரும் பொறியாளரும் ஒன்றாக நிற்கும்போது மறுபடி அளந்து எழுதுங்கள். அடுத்த தவணைப் பணத்தை அந்தப் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட்ட பிறகு கொடுங்கள்.